பெர்கோல்யோ: ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு பெயர்

இத்தாலிக்குப் போன முதல் மாதம், ஓர் அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் என் அப்பாவைக் கூப்பிட்டார்கள். "ராமலிங்காம்! ராமலிங்காம்!" அப்பா அந்த நேரத்தில் மன்னார்குடியில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்பார். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் எரிச்சலோடு வந்த பிறகுதான், அடடா, இது நான்தான் என்று எழுந்து ஓடினேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயர் இருந்தது. இத்தாலியில் முதலில் கேட்பதும் முதலில் கூப்பிடுவதும் குடும்பப் பெயரைத்தான். ‘கோஞ்ஞோமே’ என்பார்கள். அங்கே வாடகை ஒப்பந்தம், மருத்துவ அட்டை, செல்போன் சிம் எதற்குப் போனாலும் 16 எழுத்துகள் கொண்ட ஒரு வரிக் குறியீடு கேட்பார்கள். அதன் முதல் மூன்று எழுத்துகளைக் குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகளிலிருந்து எடுக்கிறார்கள். ஆர், எம், எல். ஆக, அந்த நாட்டுக் கணக்கில் நான் தொடங்குவதே அப்பாவிலிருந்துதான்.

தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரைச் சுமக்கும் வழக்கம் இல்லாத வீட்டிலிருந்து போனதாலோ என்னவோ, அங்கே யாரைப் பார்த்தாலும் பெயரின் பின்பாதியைத்தான் நோண்டுவேன். தொரினோவில் (நமக்கு டூரின்) அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் இந்தப் பைத்தியத்துக்கு நன்றாகத் தீனி போட்டார். அவர் ஆஸ்தி ஊர்க்காரர். (அஸ்தி என்று எழுதினால் நமக்குச் சாம்பல், ஆஸ்தி என்றால் சொத்து. அவர்கள் முதல் எழுத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்வதால் நானும் சொத்துப் பக்கமே சாய்ந்துகொள்கிறேன்.) ஃபெர்ரேரோ சாக்லேட்டும் ஃபெர்ராரி காரும் ஒரே பெயர்தான் என்று அவர் சொல்லித்தான் தெரியும். இரண்டுக்கும் இரும்படிக்கும் கொல்லர் என்றுதான் பொருள். வடமேற்கில், பியமோந்தே பகுதியில், குடும்பப் பெயர்கள் நிறைய ஒருமையில் நின்று ‘ஓ’ என்று முடியும். எமிலியா பக்கம் போனால் அதுவே பன்மையாகி ‘இ’ என்று முடியும். ஒரு பக்கம் கொல்லன், இன்னொரு பக்கம் கொல்லர்கள்.

ஒரு நாள் காப்பி இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு போப் பிரான்சிஸைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது. அவருடைய குடும்பப் பெயரை நான் "பெர்கோக்லியோ" என்றேன். 2013 மார்ச்சில் அவர் போப் ஆனபோது நம் பத்திரிகைகளில் அப்படித்தானே வந்தது. ஆஸ்திக்காரர் சிரித்துவிட்டார். "நீங்கள் அர்ஜென்டினாக்காரர் மாதிரிச் சொல்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெயர் அது. பெர்கோல்யோ." அந்த ‘ல்யோ’வை அவர் நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்தில் ஒட்டவைத்துச் சொன்ன விதத்தைத் தமிழில் எழுத எனக்கு எழுத்து இல்லை. கோஞ்ஞோமேக்கு நம்மிடம் ஞகரம் இருக்கிறது, பிழைத்தோம். இதற்கு இல்லை. ஜி, எல், ஐ என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்து இத்தாலியில் அந்த ஒலியைத் தரும். அங்கே ‘ஜி’ சும்மா காவலுக்கு நிற்கிறது, அதற்கென்று தனி ஒலி கிடையாது. ஸ்பானிய மொழிக்காரர்கள் அதையும் உச்சரித்துவிடுகிறார்கள், நாமும் அப்படியே. சொல்லப்போனால் இந்த மூன்றெழுத்துச் சிக்கல் நமக்குப் புதிதும் இல்லை. வீரமாமுனிவர் பிறந்த ஊரைப் பள்ளிக்கூடத்தில் ‘காஸ்திக்கிளியோன்’ என்று மனப்பாடம் செய்தோமே, அந்த ‘க்கிளி’யும் இதே மூன்று எழுத்துதான். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது காஸ்தில்யோனே.

சரி, பெர்கோல்யோ என்றால் என்ன? அன்று மாலையே தேட ஆரம்பித்தேன்.

குடும்பப் பெயர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் தளங்கள் இத்தாலியில் உண்டு. ரோஸ்ஸி, பியாங்கி என்று போட்டால் நாடு முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். பெர்கோல்யோ என்று போட்டால் பூட்ஸ் வடிவில் இருக்கும் அந்த நாட்டின் மேல்வாய்ப் பகுதியில், பியமோந்தேயைச் சுற்றி மட்டும் கொஞ்சம் புள்ளிகள். ஆஸ்தி, தொரினோ, அக்கம்பக்கத்துக் குன்றுகள். ஒரு பெயர் இப்படி ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் ஓர் இடத்தின் பெயராகத்தான் இருக்கும் என்பது அங்குள்ள பெயராய்வாளர்கள் சொல்லும் கணக்கு. தொழிற்பெயர் எல்லா ஊரிலும் முளைக்கும், ஏனென்றால் கொல்லன் இல்லாத ஊர் இல்லை. செம்பட்டைத் தலையன் இல்லாத ஊரும் இல்லை, ரோஸ்ஸி வந்தது அப்படி. இடப்பெயர் அப்படி எங்கும் முளைப்பதில்லை, அதற்கு ஒரே ஓர் ஊற்றுக்கண்தான்.

பெர்கோல்யோவுக்கு அவர்கள் காட்டும் ஊற்றுக்கண் ஆஸ்தியில் இல்லை. தானரோ ஆற்றோடு கீழே இறங்கிப் போனால், ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் அலெசாந்திரியா. அந்த நகரத்துக்கு எதிரே, ஆற்றின் இடது கரையில், பெர்கோல்யோ என்று ஒரு பேட்டை இருந்தது. பழைய ஆவணங்களில் போர்கோல்யோ என்றும் எழுதியிருக்கிறார்கள்.

‘இருந்தது’ என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அலெசாந்திரியாவின் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. 1168-இல், ஜெர்மானியப் பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோஸ்ஸாவுக்கு எதிராகக் கைகோத்த வட இத்தாலிய நகரங்களின் ஆதரவோடு, சுற்றுவட்டாரக் கிராமங்கள் பல சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. கமோந்தியோ, மரேங்கோ, ரொவெரேத்தோ, பெர்கோல்யோ என்று அந்தப் பட்டியல் போகும். (பின்னால் 1800-இல் நெப்போலியன் ஜெயித்த போர்க்களம்தான் அந்த மரேங்கோ.) பேரரசரை எதிர்த்து நின்ற அன்றைய போப் மூன்றாம் அலெக்சாண்டரின் பெயரைப் புது ஊருக்கு வைத்தார்கள். பேரரசருக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1174-இல் வந்து முற்றுகையிட்டார், மறு ஆண்டு வசந்தத்தில் வெறுங்கையோடு போனார். அதற்கு ஊர்க்காரர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கால்யாவுதோ என்ற விவசாயி, ஊரில் மிச்சமிருந்த கோதுமையைத் தன் பசுவுக்கு வயிறு முட்டத் தின்னக் கொடுத்து வெளியே ஓட்டிவிட்டானாம். எதிரிகள் பசுவைப் பிடித்து அறுத்துப் பார்த்தால் உள்ளே கோதுமை. மாட்டுக்கே கோதுமை போடுகிற ஊரை எங்கே பட்டினி போடுவது என்று கூடாரத்தைப் பிரித்தார்களாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு அந்தப் பசுவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஒரு போப்பின் பெயர் ஊருக்கு வந்தது 1168-இல். அந்த ஊரின் ஒரு துண்டுடைய பெயர் ஒரு போப்புக்கு வந்தது 2013-இல். இடையில் 845 ஆண்டுகள். இதில் யாருடைய திட்டமும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பேட்டைக்கு என்ன ஆனது? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெசாந்திரியா, பியமோந்தேயை ஆண்ட சவோய் அரசகுடும்பத்தின் கைக்கு வந்தது. கிழக்கிலிருந்து வரும் படைகளைத் தடுக்க அங்கே ஒரு பெரிய கோட்டை வேண்டும் என்று அரசர் இரண்டாம் வித்தோரியோ அமதேயோ முடிவு செய்தார். இஞ்ஞாத்ஸியோ பெர்தோலா என்ற பொறியாளர் ஆறு முனை நட்சத்திர வடிவில் வரைபடம் போட்டார். நட்சத்திரத்துக்குச் சமதளமும் ஆற்றங்கரையும் வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள் என்பது அரசருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 1728 முதல் பெர்கோல்யோவை இடிக்கத் தொடங்கினார்கள். வீடு, கோயில், மடம் எல்லாம் போயின. மக்கள் ஆற்றைத் தாண்டி நகரத்துக்குள் ஒதுங்கினார்கள்.

கோட்டையைப் பார்க்க ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போனேன். நகரத்திலிருந்து அங்கே போக 2016-இல் திறந்த வெள்ளைப் பாலம் ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் மையர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கீழே தானரோ கலங்கிய தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைக்குள் நீளநீளமான செங்கல் படைவீடுகள், நடுவில் பெரிய புல்வெளி, சுவர் இடுக்குகளில் ஐலாந்தஸ் மரங்கள். நம்மூரில் தீக்குச்சிக்கு வெட்டும் பெருமரத்துக்கு இது பங்காளி, அங்கே வேண்டாத விருந்தாளி. வேர் விட்டுச் சுவரைப் பிளக்கிறது என்று வெட்டிப் பார்க்கிறார்கள், அதுவோ மறுபடி துளிர்க்கிறது. பேட்டை இருந்ததற்கான தடம் ஏதாவது கண்ணில் படுமா என்று சுற்றிச் சுற்றி வந்தேன். புல்தான். நகரத்துக்குள்ளே ரொவெரேத்தோ இன்னும் அதே பெயரில் குடியிருப்பாக இருக்கிறது. அதனுடன் பிறந்த பெர்கோல்யோ இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே புல்லில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பெர்கோல்யோவில் குடியிருப்பவனை யாரும் பெர்கோல்யோக்காரன் என்று கூப்பிட மாட்டார்கள். எல்லாருமே அந்த ஊர்தானே? அவன் கிளம்பி வேறு குன்றுக்குப் போய்த் திராட்சைத் தோட்டத்தில் வேலைக்கு நின்ற பிறகுதான், "யாரு, அந்தப் பெர்கோல்யோக்காரனா?" என்ற பேச்சு வரும். அதனால் ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராகச் சுமப்பவர்கள் எல்லாருமே, எப்போதோ, அந்த ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள். தங்கியவர்களுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. அரசர் கடப்பாரை அனுப்புவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே சிலர் பெயரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

இப்படி வாய்ப்பேச்சில் ஒட்டிய பெயரை ஆணி அடித்து நிறுத்தியது திருச்சபையின் பேரேடு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் முடிந்த 1563 முதல் திருமணம், ஞானஸ்நானம் எல்லாவற்றையும் பங்குச் சாமியார் எழுதி வைக்க வேண்டும் என்றானது. எழுதினால் அப்பன் பெயர் பிள்ளைக்கும் அதே எழுத்தில் போகும். நெப்போலியன் ஆட்சியில் அரசுப் பதிவேடு வந்து போனது. 1838 முதல் சாமியார்கள் அரசுக்கும் ஒரு படி எழுதிக் கொடுத்தார்கள். 1866-இல் ஒன்றுபட்ட இத்தாலியே பதிவை எடுத்துக்கொண்டது. ஆனால் கிராமத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர் இருந்தால் அது எதற்கு உதவும்? பட்டப்பெயர்தான். பியமோந்தே மொழியில் அதற்கு ‘ஸ்த்ரனோம்’ என்று பெயர். என் ஆஸ்தி நண்பரின் குடும்பத்துக்கு ஊரில் வழங்கும் ஸ்த்ரனோம் என்ன என்று கேட்டேன். சொன்னார், ஆனால் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எதிர்த்திசைக் கதையும் அதே அலெசாந்திரியாவில் உண்டு. எழுத்தாளர் உம்பெர்த்தோ ஏக்கோ அந்த ஊரில் பிறந்தவர். அவருடைய தாத்தா அநாதைக் குழந்தையாகக் கிடைத்தவர், ஏக்கோ என்ற பெயரை ஒரு நகராட்சி ஊழியர் வைத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். ‘வானம் தந்த கொடை’ என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை என்பது குடும்பத்தில் வழங்கிய விளக்கம். ஒரே ஊர். ஒரு பெயருக்கு ஊரே ஆதாரம், இன்னொன்றுக்கு மூன்று எழுத்தும் ஒரு குமாஸ்தாவின் பேனாவும்.

ஆஸ்திக்கு வடகிழக்கே போர்த்தகோமாரோ என்ற சிற்றூர். க்ரிஞ்ஞோலீனோ என்ற வெளிர்சிவப்பு ஒயினுக்குப் பெயர் போனது. பக்கத்தில் ப்ரிக்கோ மார்மோரித்தோ என்று ஒரு குன்று. ‘ப்ரிக்கோ’ என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் குன்றின் உச்சிமேடு. போப்பின் முன்னோர் 1864-இல் வாங்கிய வீடு அங்கே இருக்கிறது. நண்பர் காரில் கூட்டிப்போய்க் காட்டினார். சாதாரணப் பண்ணை வீடு. சுற்றிலும் பழுப்புத் தோட்டம், அன்று மூடுபனி, தூரத்தில் ஒரு நாய் குரைப்பு. பெயர் ஆற்றோடு எதிரேறி இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்ததை நினைத்துக்கொண்டு நின்றேன். நண்பருக்குக் குளிர். "பார்த்தாயிற்றா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இந்த மேட்டிலிருந்துதான் பெயர் கடல் தாண்டியது. 1870களிலிருந்தே பியமோந்தேக்காரர்கள் அர்ஜென்டினாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் பருவ வேலைக்காரர்கள். இங்கே அறுவடை முடிந்ததும் கப்பலேறி, அங்கே கோடையில் கோதுமை அறுத்துவிட்டு, வசந்தத்துக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். அவர்களை அங்கே ‘கொலொந்த்ரீனாஸ்’ என்றார்கள், தகைவிலான் குருவிகள். பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். சாந்தா ஃபே, கோர்தோபா மாகாணங்களின் சில சிற்றூர்களில் இன்றும் நெத்திலியும் பூண்டும் எண்ணெயில் கொதிக்கும் பாஞ்ஞா காவ்தாவுக்கு ஜூலைக் குளிரில் திருவிழாவே எடுக்கிறார்கள்.

போப்பின் தாத்தா ஜியோவான்னி பெர்கோல்யோவின் தம்பி அண்ணன்மார் மூன்று பேர் 1922-இல் போனார்கள். பரனா என்ற ஆற்றங்கரை நகரில் சாலைக்குத் தளம் போடும் நிறுவனம் தொடங்கி, நான்கு மாடி வீடு கட்டினார்கள். அந்த ஊரிலேயே லிஃப்ட் வைத்த முதல் வீடு அதுதான் என்று பேரன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜியோவான்னியும் மனைவி ரோசா வஸ்ஸாலோவும் மகன் மாரியோவும் 1927 அக்டோபரில் பிரின்சிபெஸ்ஸா மஃபால்தா கப்பலில் போவதற்குச் சீட்டு வாங்கியிருந்தார்கள். சொத்தை விற்பது இழுத்துக்கொண்டே போனதால் கிளம்ப முடியவில்லை. அக்டோபர் 25 அன்று பிரேசில் கடலோரத்தில் அந்தக் கப்பல் மூழ்கியது. 314 பேர் இறந்தார்கள். ஆஸ்தியில் ஆஸ்தி விற்காததால் பிழைத்த குடும்பம்!

1929 தொடக்கத்தில் ஜூலியோ சேசரே என்ற வேறு கப்பலில் போய் இறங்கினார்கள். அங்கே கொளுத்தும் கோடை. ரோசா பாட்டியோ மென்மயிர்க் கழுத்துப்பட்டி வைத்த குளிர்கால மேலங்கியைக் கழற்றவே இல்லை. விற்ற பணம் முழுக்க அதன் உள்துணியில் தைத்திருந்தது. அந்தப் பணமும் நிலைக்கவில்லை. 1932 நெருக்கடியில் நிறுவனம் மூழ்கியது, குடும்பக் கல்லறை வரை விற்றார்கள். பிறகு 2,000 பேசோ கடன் வாங்கி ஒரு மளிகைக் கடை. ஆஸ்தியில் வங்கியில் கணக்கு எழுதிய மாரியோ, கூடையோடு வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த மாரியோவின் முழுப்பெயரில் இருந்த ஜுசெப்பே, அர்ஜென்டினாவில் ஹோசே ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லாருக்கும் நடந்ததுதான், ஜியோவான்னிகள் ஹுவான் ஆனார்கள். சொந்தப் பெயர் மொழிபெயர்ந்தது, குடும்பப் பெயர் எழுத்து மாறாமல் நின்றது. ஆனால் நின்ற எழுத்தை ஸ்பானிய வாய் வாசித்தபோது, காவலுக்கு நின்ற ‘ஜி’ பேச ஆரம்பித்துவிட்டது. 1936-இல் புவனோஸ் ஐரெஸில் பிறந்த மாரியோவின் மகன் ஹோர்ஹே, பின்னாளைய போப், பாட்டியிடம் பியமோந்தே மொழி கற்றவர். 2015-இல் தொரினோவுக்கு வந்தபோது அந்த மொழிக் கவிதையைப் பூசையில் சொல்லி ஊரை உருக வைத்தார். வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று இரண்டு ஒலியோடும் அவர் வளர்ந்திருக்கத்தான் வேண்டும்.

2013 மார்ச் 13 இரவு, உப்பரிகையில் கர்தினால் தோரான் அறிவித்த லத்தீன் வாக்கியத்தைப் பிறகு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘ஜோர்ஜியும்’, ‘மாரியும்’ என்று சொந்தப் பெயர்கள் இரண்டும் லத்தீனாகி வேற்றுமை உருபேற்று வருகின்றன. பெர்கோல்யோ மட்டும் உருபு எதையும் ஏற்காமல் மொட்டையாக நிற்கிறது. அடுத்த நொடியில் பிரான்சிஸ் வந்து அதையும் மூடிவிட்டார். அதன் பிறகு இத்தாலியில் அந்தக் குடும்பப் பெயருக்கு ஒரு விசித்திர வாழ்க்கை. அவரைப் பிடிக்காத பழமைவாதிகள் போப் என்று சொல்ல மனமில்லாமல் ‘பெர்கோல்யோ’ என்றே எழுதினார்கள். ஆஸ்தி நண்பருக்கு இது பொறுக்காது. "எங்கள் பெயரைத் திட்டுச் சொல்லாக்கிவிட்டார்கள்" என்பார். அவர் பெயர் அது இல்லை. ஆனாலும் எங்கள் பெயர் என்பார்.

2022 நவம்பரில் போப் போர்த்தகோமாரோவுக்கு வந்து, 90 வயதான உறவுக்காரப் பெண்மணியின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஆஸ்தி பேராலயத்தில் பூசை வைத்தார். என் அப்பா புறப்பட்ட மண் இது என்றார். அதே 2022-இல்தான் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம், பிள்ளைக்கு அப்பா பெயர் மட்டும் தானாகப் போவது செல்லாது, வேறு முடிவு செய்யாவிட்டால் இருவர் பெயரும் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. அபூர்வப் பெயர்களுக்கு இது கொஞ்சம் மூச்சு. ஆண்பிள்ளை இல்லாத வீட்டோடு முடிந்துபோன பெயர்கள் எத்தனை இருந்திருக்கும்!

2025 ஏப்ரல் 21 அன்று அவர் காலமானார். ரோமில் அவர் கேட்டபடியே கல்லறையில் ‘பிரான்சிஸ்குஸ்’ என்ற ஒரே சொல். கல் லிகூரியாவிலிருந்து வந்தது, அம்மா வழியினர் புறப்பட்ட நிலம். அம்மா பக்கம் கல்லாக வந்துவிட்டது. அப்பா பக்கத்துப் பெயர் அங்கே இல்லை.

அன்று நான் மன்னார்குடியில் இருந்தேன். மறுநாள் காலையில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகையை வழக்கம்போலச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "ஜார்ஜ் மரியோ பெர்கோக்லியோ..."

"பெர்கோல்யோப்பா. அந்தக் ‘க்’ வராது."

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போட்டிருக்கானே. போட்டிருக்கிற எழுத்த நான் எப்படிடா முழுங்கறது?" என்று சொல்லிவிட்டு, ‘க்’கைக் கொஞ்சம் அழுத்தியே மறுபடி முதலிலிருந்து படித்தார் ராமலிங்காம்.